ஆபீஸுக்குப் போய்வருபவரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரும்: வரிச் சலுகையில் யாருக்கு நியாயம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்தில் சம்பளக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பது என் தொழில். ஜூன், ஜூலை மாதங்களில் என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்களில் பாதிப் பேராவது கீழே உள்ள கேள்விகளில் ஒன்றைக் கேட்டுவிடுகிறார்கள். தினமும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போகிறவரும் கேட்கிறார், 2020-க்குப் பிறகு ஆபீஸ் வாசலை மிதிக்காதவரும் கேட்கிறார். சலுகையெல்லாம் அடுத்தவருக்குத்தான் போகிறது என்று இருவருமே நினைக்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கணக்குகள் 2025-26 நிதியாண்டின் விதிகளை வைத்துப் போடப்பட்டவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பஸ், ரயில், பெட்ரோல் செலவைச் சம்பளத்திலிருந்து கழித்துக் காட்டலாமா?

முடியாது. போன வருடம் ஒரு அம்மா பிளாஸ்டிக் கவர் நிறையப் பெட்ரோல் பில் கொண்டுவந்தார். பன்னிரண்டு மாதத்து பில், மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். பாதி பில்லில் எழுத்தே மறைந்து வெள்ளைத் தாளாகியிருந்தது. அவ்வளவு பொறுப்பாகச் சேர்த்து வைத்தவரிடம் இதில் ஒரு ரூபாய்கூடச் செல்லாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சட்டம் அதுதான்.

சம்பள வருமானத்திலிருந்து கழிக்கக் கூடியவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எல்லோருக்கும் நிலையான கழிவு உண்டு, அதாவது பில் எதுவும் காட்டாமலே வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் ஒரு தொகை. பழைய வரி முறையில் (வரி விகிதமும் கழிவுகளும் கூடுதல்; புதிய முறையில் இரண்டும் குறைவு) இருப்பவர்களுக்கு உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரி. அரசு ஊழியர்களுக்குக் கேளிக்கைப் படியில் ஒரு சிறு தொகை. அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போவது வேலைக்குத் தயாராவதில் சேர்த்தி, வேலையில் சேர்த்தி இல்லை என்பது வரிச் சட்டங்களின் பழைய பார்வை. ஆபீஸிலிருந்து கிளம்பி வாடிக்கையாளரைப் பார்க்கப் போனால் அது வேலை. அதற்குக் கம்பெனி கொடுக்கும் போக்குவரத்துப் படியில், உண்மையில் செலவான தொகைக்கு வரி இல்லை.

முன்பெல்லாம் மாதம் 1,600 ரூபாய் கழித்தார்களே?

ஆமாம். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வரக் கம்பெனி கொடுக்கும் படியில் மாதம் 800 ரூபாய்க்கு வரி இல்லாமல் இருந்தது. 2015 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதை 1,600 ஆக்கினார். ஆண்டுக்கு 19,200 ரூபாய். பில் எதுவும் காட்ட வேண்டியதில்லை.

2018 பட்ஜெட்டில் அவரே அதை எடுத்துவிட்டார். கூடவே 15,000 ரூபாய் வரையிலான மருத்துவச் செலவுச் சலுகையும் போனது. இரண்டும் சேர்ந்து 34,200. பதிலுக்கு எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் 40,000 ரூபாய் நிலையான கழிவு வந்தது. ஆகக் கூடுதலாகக் கிடைத்தது 5,800 ரூபாய்க் கழிவுதான். அதே பட்ஜெட்டில், வரியின் மேல் போடும் செஸ் 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானது. அதனால் கொஞ்சம் பெரிய சம்பளம் வாங்கியவர்களுக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு 2019-ல் 50,000. 2024 ஜூலையில் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட்டில், புதிய வரி முறைக்கு மட்டும் 75,000.

மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் போக்குவரத்துப் படியை விட்டு வைத்தார்கள். பார்வையற்றோர், செவித்திறனும் பேச்சுத்திறனும் இழந்தோர், கை கால் இயக்கக் குறைபாடு உள்ளோர் ஆகியோருக்கு 2015-ல் மாதம் 3,200 ஆக உயர்ந்த அந்தச் சலுகை 2018-க்குப் பிறகும் தொடர்ந்தது. நல்லது. ஆனால் அது பயணத்துக்கான சலுகை. பயணமே முடியாததால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிக்கு, அந்த வீட்டு வேலையிடத்தின் பெயரில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

போக்குவரத்துப் படிக்குப் பதிலாக வந்த நிலையான கழிவு, எங்கும் போகாதவருக்கு எதற்கு?

ரயிலில் வருகிறவர்கள் கோபமாகக் கேட்கும் கேள்வி இது. கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

நிலையான கழிவு 2018-ல் புதிதாகப் பிறந்ததல்ல. 1974-லேயே சட்டத்தில் வந்தது, 2005 பட்ஜெட்டில் போனது, 2018-ல் திரும்பி வந்தது. வேலை பார்ப்பதற்காகச் சம்பளக்காரர் கைக்காசைப் போட்டுச் செய்யும் சில்லறைச் செலவுக்கு ஒரு குத்துமதிப்புத் தொகை என்பதே அதன் பின்னால் இருக்கும் எண்ணம். வியாபாரிக்குக் கடை வாடகை முதல் டீச்செலவு வரை கழியும். சம்பளக்காரருக்கு அப்படி எதுவும் கழியாது. அதற்கான ஈடு அது. போக்குவரத்து அதில் ஒரு பங்குதான்.

2018-ல் போக்குவரத்துப் படியை எடுத்து அதில் கரைத்தபோது, தினமும் 30 கிலோமீட்டர் போய்வருகிறவரும் ஆபீஸுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறவரும் ஒன்றாக்கப்பட்டார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கூட்டமாக வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, பெருந்தொற்றுக் காலத்தில். அவர்களை மனதில் வைத்து யாரும் இதை எழுதவில்லை. அவர்கள் யாருடைய பங்கையும் தட்டிப் பறிக்கவும் இல்லை.

வீட்டில் நெட், கரண்ட், மேஜை நாற்காலி எல்லாம் என் செலவு. அதையாவது கழிக்கலாமா?

அதுவும் முடியாது. 2021 பட்ஜெட்டுக்கு முன்னால் இதற்கு ஒரு தனிக் கழிவு வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வரவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுக்கும் லேப்டாப்பை வீட்டில் பயன்படுத்தினால் அது வரிக்குரிய சலுகை ஆகாது. லேப்டாப், கம்ப்யூட்டர் என்று பெயர் சொல்லியே விதி விலக்குத் தருகிறது. முதுகுவலிக்காரர் ஒருவருக்குக் கம்பெனி 15,000 ரூபாயில் நாற்காலி வாங்கி வீட்டுக்கு அனுப்பியது. நாற்காலிக்கு அந்த விதியில் பெயர் இல்லை. முதலாளியின் பொருளை ஊழியர் பயன்படுத்தினால் அதன் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் சம்பளத்தோடு சேரும் என்பது பொது விதி. ஆக, 1,500 ரூபாய் அவர் வருமானத்தில் ஏறிவிட்டது. முழுக்க ஆபீஸ் வேலைக்கே கொடுத்தது என்று கம்பெனி எழுதி வைத்திருந்தால் வாதாடலாம். அவர் கம்பெனி எழுதி வைக்கவில்லை. தொகை சிறியதுதான். ஆனால் விதியை எழுதியவர்கள் வீட்டை ஒரு வேலையிடமாக நினைத்தே பார்க்கவில்லை என்பது அந்த நாற்காலியில் தெரிகிறது.

சரி, உண்மையில் யாருக்குச் செலவு அதிகம்?

இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரே கம்பெனி, ஒரே சம்பளம், இரண்டு பேர். ஒருவர் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு இரு சக்கர வண்டியில் போகிறார். இன்னொருவர் கும்பகோணத்தில் சொந்த வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

முதலாமவர்: ஒரு வழி 17 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 34, மாதம் 22 நாளுக்கு 748 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிடைத்தால் 16.6 லிட்டர். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் ஏறத்தாழ 1,680 ரூபாய். பழைய 1,600 ரூபாய்க்கு இது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள். சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 600 போட்டால் 2,300 ஆகிறது. கார் என்றால் கதை வேறு. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோல் மட்டும் 5,400 ரூபாய் வரும்.

இரண்டாமவர்: நெட் இணைப்பு 900 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,062. இன்வெர்ட்டர் பேட்டரி 15,000 ரூபாய், நாலு வருடம் வந்தால் மாதம் 310. சித்திரை, வைகாசியில் மாடி அறையில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது. மணிக்கு ஒரு யூனிட் என்றால் 8 மணி நேரம், 22 நாள், 176 யூனிட். யூனிட் 8 ரூபாய் கணக்கில் 1,400 ரூபாய். ஆக வெயில் மாதங்களில் 2,780 வரை போகும், மற்ற மாதங்களில் 1,500-க்குள் நிற்கும்.

கரண்ட் பில்லில் இன்னொரு அடியும் உண்டு. நம் ஊரில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால், அதற்கு மேல் எரித்த யூனிட்டுக்கு விலை கூடுவதோடு, 101 முதல் 200 வரைக்கும் கிடைத்துவந்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும். ஆபீஸ் வேலைக்காக ஓடிய ஏசி, வீட்டாரின் பில்லையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது.

ஆக, பணமாகப் பார்த்தால் இரு சக்கர வண்டிக்காரரும் வீட்டிலிருக்கிறவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். கார்க்காரர் மேலே, ரயில் சீசன் டிக்கெட்காரர் கீழே.

நேரம் வேறு கணக்கு. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்றால் மாதம் 55 மணி நேரம். ஏறக்குறைய ஏழு வேலை நாள், சம்பளமில்லாமல். எனக்குத் தெரிந்து எந்த நாட்டு வரிச் சட்டமும் இதைக் கழித்துத் தருவதில்லை. வீட்டிலிருப்பவருக்கு உண்மையான லாபம் இந்த 55 மணி நேரம்தான். வரியில் அவருக்குத் தனி லாபம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் அநியாயமே இல்லை என்கிறீர்களா?

இருக்கிறது, ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. பயணம் செய்பவருக்கும் வீட்டிலிருப்பவருக்கும் நடுவில் கோடு போட்டுச் சண்டை போடுகிறோம். கோடு விழுந்திருப்பது, செலவைக் கம்பெனி ஏற்கும் ஊழியருக்கும் தானே ஏற்கும் ஊழியருக்கும் நடுவில்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடிகாலை ஐந்து மணிக்குப் போனால், டீக்கடை வாசலில் ஐடி கார்டு தொங்க ஆட்கள் நிற்பதைப் பார்க்கலாம். தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் முதலாளி விடும் வண்டியில் போய்வருவது ஊழியருக்குக் கிடைத்த சலுகையாகக் கருதப்படாது என்று சட்டமே சொல்கிறது. வரி ஒரு பைசா இல்லை. பக்கத்துச் சின்னக் கம்பெனியில் பஸ் இல்லை. ‘பெட்ரோலுக்கு வைத்துக்கொள்’ என்று மாதம் 2,000 சம்பளத்தோடு போடுகிறார்கள். அது முழுவதும் வரிக்குரியது. இருவரும் நிற்பது ஒரே டீக்கடை வாசலில்தான்.

வீட்டு வேலையிலும் இதே கதைதான். ஊழியரின் தொலைபேசி, மொபைல் செலவை முதலாளி ஏற்றால் அது வருமானமாகாது. நெட் பில்லையும் அதோடு சேர்த்தே கம்பெனிகள் நடத்துகின்றன. பில் கொடுத்தால் 1,062 ரூபாய் வரியில்லாமல் திரும்பி வரும். புதிய வரி முறையிலும் இது செல்லும். ‘வீட்டு வேலைப் படி’ என்று அதே தொகையைச் சம்பளத்தில் போட்டால் வரி உண்டு. எதுவுமே கொடுக்காத கம்பெனி என்றால், வரி கட்டிய பணத்தில்தான் ஊழியர் நெட் பில் கட்ட வேண்டும்.

நல்ல எச்.ஆர். துறை உள்ள பெரிய கம்பெனி ஊழியருக்குக் கதவு திறந்திருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் ஆபீஸின் ஊழியருக்கு மூடியிருக்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

என் தம்பி வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறான். அவனுக்கு எல்லாம் கழிகிறதே?

கழிகிறது. அவர் வருமானம் தொழில் வருமானம். அதை ஈட்டச் செய்த செலவு கழியும்: நெட், வேலைக்கான அறையின் பங்கு வாடகை, கரண்ட்டில் ஒரு பங்கு, கம்ப்யூட்டருக்குத் தேய்மானம். சட்டம் பட்டியலிட்டிருக்கும் தொழில்களில் ஒன்று என்றால் இன்னும் எளிது. ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதி செலவு என்று அரசே ஏற்றுக்கொள்கிறது.

ஒரே வீட்டில் அக்கா சம்பளத்துக்கு, தம்பி ஃப்ரீலான்ஸாக, ஒரே நெட் இணைப்பில் வேலை பார்க்கும் குடும்பம் ஒன்று என்னிடம் வருகிறது. தம்பியின் பங்கு கழிகிறது, அக்காவின் பங்கு கழியவில்லை. தம்பிக்குப் பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, சம்பளத்தோடு விடுப்பு இல்லை என்பதும் உண்மை. அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஊருக்குத் திரும்பி வந்ததில் வீட்டு வாடகைப் படிச் சலுகை போய்விட்டது. இது சரியா?

பழைய வரி முறையில் இருந்தவர்களுக்கு 2020-ல் விழுந்த பெரிய அடி இது. சென்னையில் வாடகை கொடுத்தவருக்குச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை என்ற உச்சவரம்பு, நம் மாநிலத்தின் பிற ஊர்களில் 40 சதவீதம். ஊருக்குப் போய்ப் பெற்றோர் வீட்டில் வாடகை இல்லாமல் இருந்தால் சலுகையே இல்லை. கொடுக்காத வாடகைக்குச் சலுகை கேட்க முடியாது, அது சரிதான். அப்பாவின் வீட்டுக்கு உண்மையாகவே வங்கி வழியாக வாடகை கொடுத்து, அப்பா அதைத் தன் வருமானத்தில் காட்டினால் சட்டம் தடுக்காது. புதிய முறையில் இந்தச் சலுகையே கிடையாது என்பதால் இப்போது பலருக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனி. அங்கே ஆபீஸ் போகும் ஒவ்வொரு நாளுக்கும், ஒரு வழித் தூரத்தை மட்டும் எடுத்து, கிலோமீட்டருக்கு ஒரு தொகை கழிக்கலாம். காரோ ரயிலோ சைக்கிளோ நடையோ, எல்லாவற்றுக்கும் ஒரே தொகைதான். பல ஆண்டுகளாக 30 சென்ட்டாக இருந்தது. தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு 21-வது கிலோமீட்டரிலிருந்து 38 சென்ட். 2026 முதல் முதல் கிலோமீட்டரிலிருந்தே 38 சென்ட். வீட்டில் வேலை பார்க்கும் நாளுக்கு 6 யூரோ, ஆண்டுக்கு 210 நாள் வரை. அதாவது உச்சம் 1,260 யூரோ.

6 யூரோவை 38 சென்ட்டால் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் வரும். 16 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஆபீஸ் போகிறவருக்கும் வீட்டிலேயே இருக்கிறவருக்கும் ஒரே தொகை. அதைவிடத் தூரம் என்றால் போகிறவருக்குக் கூடுதல், பக்கம் என்றால் வீட்டிலிருப்பவருக்குக் கூடுதல்.

ஆனால் அதிலும் ஒரு முடிச்சு உண்டு. அங்கே எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் 1,230 யூரோ நிலையான கழிவு தானாகவே கிடைக்கிறது. மேற்சொன்ன கணக்கு அதைத் தாண்டினால்தான் பயன். வருடம் முழுவதும் வீட்டிலிருந்தே வேலை பார்த்து, வேறு செலவு எதுவும் காட்டாதவர் 1,260 என்று போட்டால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 30 யூரோக் கழிவு.

அங்கும் இது சண்டை இல்லாமல் வரவில்லை. வேலை என்பது தொழிற்சாலை வாசலில்தான் தொடங்குகிறது, வீட்டிலிருந்து வருவது சொந்த விஷயம் என்று சொல்லி, 2007-ல் முதல் 20 கிலோமீட்டருக்கான கழிவை அரசு நிறுத்தியது. 2008 டிசம்பர் 9 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கஜானாவுக்குப் பணம் வேண்டும் என்பது மட்டும் குடிமக்களை இப்படிப் பிரித்து நடத்தப் போதுமான காரணம் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

பிரிட்டன் நேர் எதிர். அங்கே வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போகும் செலவு கழியாது. வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் வாரம் 6 பவுண்டு கழிவு. 2020-21, 2021-22 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஒரே ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லப்பட்டிருந்தாலும் முழு ஆண்டுக்கும் 312 பவுண்டு கழித்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 62 பவுண்டு 40 பென்ஸ், 40 சதவீதம் கட்டுகிறவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அதே மாதங்களில் ஆபத்தான வார்டுக்குத் தினமும் பஸ் ஏறிப் போன நர்ஸுக்குப் பஸ் கட்டணத்தில் ஒன்றும் கழியவில்லை.

பிறகு விதியை இறுக்கினார்கள். 2026 ஏப்ரல் 6 முதல் ஊழியர் தானாகக் கோரும் அந்தக் கழிவையே எடுத்துவிட்டார்கள். முதலாளி ஏற்று வரியில்லாமல் கொடுப்பது மட்டும் தொடர்கிறது. மேலே நான் சொன்ன அதே கோடு அங்கேயும் விழுந்துவிட்டது.

தூரத்தில் வீடு பிடித்தது அவரவர் விருப்பம். அதற்கு ஏன் மற்றவர்கள் வரியிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும்?

சிலருக்கு விருப்பம்தான். தோட்டம் வைத்த வீடு வேண்டும் என்று செங்கல்பட்டுப் பக்கம் போனவர் உண்டு. ஆனால் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய்ப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்கள் அவை. வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் தூரம் உன் விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

அந்த அம்மா வருமான வரி கட்டுபவர் இல்லை. எந்தக் கழிவும் அவரைத் தொடாது. அவரைத் தொட்டது 2021 மே மாதம் வந்த விடியல் பயணம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்ற ஒரு வரி அறிவிப்பு, மாதச் செலவில் நேராக மிச்சம் கொடுத்தது.

வரி கட்டுகிறவர்கள் என்று நினைக்கும் பலருக்கும் இதே நிலைதான். புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. நிலையான கழிவோடு சம்பளக்காரருக்கு 12.75 லட்சம். மாதம் 40,000 வாங்கும் ஒருவருக்குப் போக்குவரத்துக் கழிவு என்று புதிதாக ஒன்று கொடுத்தாலும் பூஜ்ஜியத்திலிருந்து கழிக்க எதுவும் இல்லை. 18 லட்சம் வாங்குகிறவருக்கு 75,000 கழிவால் மிச்சமாவது செஸ்ஸோடு சேர்த்து 15,600 ரூபாய். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 23,400. கழிவு என்பதே மேலே போகப் போகப் பெருகும் சலுகை. பஸ் கட்டணம் குறைந்தால் எல்லோருக்கும் ஒரே ரூபாய் குறைகிறது.

உங்கள் கருத்தில் என்ன செய்தால் நியாயம்?

முதலில் பஸ்ஸும் ரயிலும். நெரிசல் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது எந்த வரிக் கழிவையும்விடப் பெரிய நிவாரணம்.

வரியில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நிலையான கழிவை எடுக்க வேண்டாம். அதற்கு முன் மருத்துவ பில் கட்டுகளோடு மக்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் கம்பெனி வழியாகப் போனால் வரியில்லை என்று இன்று இருப்பதை, கம்பெனி செய்யாதவருக்கும் திறந்துவிடுங்கள். ஒரே உச்சவரம்பு வையுங்கள். அதற்குள் சீசன் டிக்கெட், பஸ் பாஸ், மெட்ரோ கார்டு அல்லது வீட்டு நெட் பில், எதை வேண்டுமானாலும் ஊழியரே காட்டட்டும். ஐந்து நாளில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்பவர் இரண்டையும் கலந்து காட்டட்டும். எல்லாம் இன்று டிஜிட்டல் பில்தான், சரிபார்ப்பது பெரிய காரியமில்லை. காருக்கான பெட்ரோலை இதில் சேர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். சேர்த்தால் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். பஸ் இல்லாத ஊரில் இரு சக்கர வண்டியை நம்பியிருப்பவருக்கு இது பாதகம் என்று ஒரு வாசகர் சொன்னார். அவர் சொல்வது சரி. அவருக்கு ஜெர்மனி போலக் கிலோமீட்டர் கணக்குதான் பொருந்தும்.

பயணச் செலவைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இல்லாத கழிவை வேறு பெயரில், நன்கொடை என்றோ வாடகை என்றோ போட்டு ரீஃபண்ட் எடுப்பார்கள். கமிஷன் அவருக்கு, நோட்டீஸ் உங்களுக்கு. 2025 ஜூலையில் வருமான வரித் துறை இப்படிப் பொய்க் கழிவு போட்டுக் கொடுத்தவர்கள் மீது நாடு முழுவதும் சோதனை நடத்தியது. வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால் அபராதம் அந்த வரியைப்போல் இரண்டு மடங்கு. வட்டி தனி. முன்பே அப்படி யாராவது போட்டிருந்தால், கெடு முடிவதற்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து மீதி வரியைக் கட்டிவிடுங்கள்.

வேலைக்குச் சேரும்போது எச்.ஆரிடம் என்ன கேட்க வேண்டும்?

ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். கம்பெனி பஸ் என் ஊர் வழியாக வருகிறதா? வந்தால் அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா? வீட்டிலிருந்து வேலை என்றால், நெட் பில்லைப் படியாகக் கொடுப்பீர்களா, பில் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பீர்களா? இரண்டாவது வேண்டும் என்று சொல்லுங்கள். மொத்தச் சம்பளம் அதேதான், அவர்களுக்குச் செலவு கூடாது என்பதையும் சொல்லுங்கள். நாற்காலி, மேஜை கொடுத்தால் ஆபீஸ் வேலைக்கு மட்டும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டு நெட் இணைப்பு அப்பா பெயரிலோ வீட்டு உரிமையாளர் பெயரிலோ இருந்தால், முதல் பில் வருவதற்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பெயர் வேறாக இருந்த ஒரே காரணத்துக்காக மார்ச் மாதம் பன்னிரண்டு பில்லும் திரும்பி வந்த ஒருவருக்கு, போன வாரம்தான் கணக்கு முடித்துக்கொடுத்தேன்.